வேருக்குக் காற்று கொடுக்கும் தொட்டி

மூன்று ஆண்டுகள் வளர்த்த ஓர் எலுமிச்சைச் செடி, தண்ணீர் போதாத செடியைப் போலவே இலைகளைத் தொங்கவிட்டு நின்றது. மேல்மண் காய்ந்திருந்ததால் தண்ணீர் ஊற்றினேன். மறுவாரம் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, மேல்பாதி மண் பொலபொலவென்று இருக்க, அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மண் கருத்துச் சேறாகி, அழுகிய முட்டையின் நாற்றம் வீசியது. அந்தச் சேற்றுக்குள் இருந்த வேர்களைப் பிடித்து இழுத்தால் தோல் விரலோடு உரிந்து வந்து, நடுவிலிருந்த நார் மட்டும் மிஞ்சியது. தப்பிப் பிழைத்த வேர்களோ தொட்டியின் சுவரை ஒட்டி, கயிற்றைச் சுற்றி வைத்தாற்போல வட்டமாக ஓடியிருந்தன. தொட்டியின் அடியில் ஐந்து துளைகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அடைபட்டிருக்கவில்லை.

துளைகள் திறந்திருந்தும் அடிமண் ஏன் சேறாக நின்றது என்ற கேள்விதான் என்னைத் தொட்டி செய்யும் வேலைக்குள் இழுத்து வந்தது. அதற்குப் பின் பழைய வாளிகளிலும், துணியிலும், கம்பி வலையிலும், சிமெண்ட் கலவையிலும் பல தொட்டிகளைச் செய்து பார்த்துவிட்டேன். தண்ணீர் வெளியேற வழி விடுவது தொட்டியின் வேலையில் ஒரு பாதிதான். வெளியேறிய தண்ணீரின் இடத்துக்குக் காற்று வந்து சேர வேண்டும், வந்த காற்று அங்கே தங்கவும் வேண்டும் என்பதை இந்த வேலைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

வேரும் மூச்சு விடுகிறது. இலைகளிலிருந்து இறங்கி வரும் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் அது தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. அந்த ஆற்றல் இல்லாமல் நுனி வளராது, உப்புச் சத்துகளை உள்ளே இழுக்கவும் இயலாது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பதோ சுமார் 8 மில்லிகிராம்தான். அளவு குறைவு என்பதோடு வேகமும் குறைவு: ஆக்சிஜன் காற்றுக்குள் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆகவே மண்துகள்களின் இடைவெளிகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பிக் கிடந்தால், இருந்த ஆக்சிஜனை வேர்களும் மண்ணுயிர்களும் விரைவில் தீர்த்துவிடும். புதிதாக வந்து சேர வழியிராது. வேர் சோர்ந்துபோன அந்த நேரத்தில் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற அழுகல் நோய்க்கிருமிகள் செழிக்கின்றன. அவற்றின் வித்துகள் வால் போன்ற இரண்டு கசையிழைகளைக் கொண்டு தண்ணீரில் நீந்திச் செல்லக்கூடியவை என்பதால், நின்ற நீர் அவற்றுக்குப் பாதையாகவே அமைந்துவிடுகிறது. தண்ணீருக்குள் நிற்கும் செடி தாகத்தால் வாடுவதைப் போல வாடுவதற்கும் இதுவே காரணம்: உறிஞ்சும் வேர் செத்துவிட்டது.

இனி அந்த நான்கு விரற்கடைச் சேற்றுக்கு வருகிறேன். சமையலறையில் பாத்திரம் துலக்கும் நீள்சதுர ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முழுக நனைத்து, தட்டையாகக் கையில் ஏந்திப் பாருங்கள். சிறிது நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இப்போது அதைப் பிழியாமல் அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் தண்ணீர் வடியும். ஸ்பாஞ்சும் மாறவில்லை, அதன் துளைகளும் மாறவில்லை, உயரம் மட்டுமே மாறியது. மண்துகள்களுக்கு இடையிலான நுண்புழைகள் தண்ணீரைப் பிடித்துவைக்கின்றன; புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. இந்த இரண்டும் சமமாகும் இடத்துக்குக் கீழே மண் முழுக்க நனைந்தே நிற்கும். தொட்டியின் அடியில் தேங்கும் இந்த ஈர அடுக்கின் உயரத்தைப் பெரும்பாலும் மண்கலவையே தீர்மானிக்கிறது. தொட்டி அகலமா குறுகலா, துளை ஐந்தா ஐம்பதா என்பது அதை அவ்வளவாக மாற்றாது. ஒரு கலவை 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்றால், 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் பாதி மண் சேறாக இருக்கும்; அதே கலவை 25 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் இருந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் சேறாகும். எனவே, கையால் தொட்டி செய்கிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது உயரத்தை. அகலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது உயரத்தைக் கூட்டுவது நல்லது.

அடியில் ஜல்லியோ ஓட்டுத் துண்டுகளோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது நம்மில் பலர் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்த அறிவுரை. நானும் எலுமிச்சைத் தொட்டியில் அப்படியே செய்திருந்தேன். அந்த அறிவுரையைக் கைவிட எனக்கு மனம் வரச் சிறிது காலம் பிடித்தது. ஆனால் மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் விளைவு நேர்மாறானது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் கொண்ட ஜல்லிக்குள் தண்ணீர் தானாக இறங்குவதில்லை. மேலே உள்ள மண் முழுவதும் நனைந்து நிறைந்த பிறகே சொட்டத் தொடங்கும். ஆகவே ஈர அடுக்கு தொட்டியின் தரையில் அமைவதற்குப் பதிலாக ஜல்லியின் மேல் அமைந்து, வேர்களுக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. 5 சென்டிமீட்டர் ஜல்லி போட்ட 25 சென்டிமீட்டர் தொட்டி, வேரைப் பொறுத்தவரை 20 சென்டிமீட்டர் தொட்டிதான். மண் வெளியேறாமல் தடுக்க வேண்டும் என்றால் துளையின் மேல் ஒரு துண்டு கொசுவலையோ நிழல்வலையோ வைத்தால் போதும்.

அந்த ஈர அடுக்கைக் குறைக்க உண்மையிலேயே உதவும் எளிய வழி திரி. சுண்டுவிரல் பருமனுள்ள, நன்றாக நீர் உறிஞ்சும் பின்னல் கயிறு ஒன்றைத் தொட்டியின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வளைத்துப் பரப்பி, மறுமுனையைத் துளை வழியாக வெளியே விட்டு, தொட்டிக்குக் கீழே பத்து சென்டிமீட்டராவது தொங்குமாறு செய்ய வேண்டும். கயிறு மண்ணின் நீட்சியாக அமைந்து, தொட்டியின் உயரம் அந்த அளவுக்குக் கூடியது போலாகிவிடுகிறது. துளையில் நின்றுபோன நீர் திரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கும். அதன் நுனி தரையையோ தட்டில் தேங்கிய நீரையோ தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தேங்கிய நீரைத் தொட்டால் அதே திரி தண்ணீரை மேலே ஏற்றிவிடும். உயரத்தை மாற்ற முடியாத தட்டையான பழைய தொட்டிகளுக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பழைய பிளாஸ்டிக் வாளி. துளைகளைத் தட்டையான அடிப்பகுதியின் நடுவில் மட்டும் போட்டால், தரையில் வைத்தவுடன் அவை மூடிக்கொள்ளும். ஆகவே அடியும் சுவரும் சேரும் வளைவை ஒட்டிச் சுற்றிலும் துளையிட வேண்டும். 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளையில் நீரின் பரப்பு இழுவிசையே ஒரு படலம் போல நின்று வடிதலைத் தடுத்துவிடக்கூடும். 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை எனக்குச் சரியாக வந்திருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிடுவது எளிதாகத் தோன்றினாலும், உருகும் பிளாஸ்டிக்கின் புகை நல்லதல்ல. டிரில் கருவியை மெதுவான வேகத்தில் ஓட்டி, வாளிக்குள் ஒரு மரக்கட்டையை அணைத்து வைத்துத் துளைத்தால் பிளாஸ்டிக் வெடிக்காது. பிறகு தொட்டியைத் தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி நிறுத்த மூன்று சிறு கட்டைகள் வேண்டும். இந்தக் கட்டைகளைப் பலர் அழகுக்காக வைப்பதாக நினைக்கிறார்கள். அடித்துளை வழியாகக் காற்று உள்ளே செல்வது அவற்றால்தான்.

சுவர்த் துளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றின் பயன் வடிகாலோடு முடிவதில்லை. வழவழப்பான சுவரை முட்டும் வேர் நின்றுவிடுவதில்லை. சுவரை ஒட்டித் திரும்பி, சுற்றிக்கொண்டே போகும். மரக்கன்றுகளில் இது பெரிய தீங்கு: நிலத்தில் நட்ட பிறகும் அந்தச் சுருள் அப்படியே பருத்து, பல ஆண்டுகள் கழித்துத் தன் அடிமரத்தையே நெரிக்கக்கூடும். வேர்நுனி சுவரில் ஒரு துளையைக் கண்டு உலர்ந்த காற்றில் தலையை நீட்டினால் நடப்பது வேறு. நுனி காய்ந்து நின்றுவிடும். நுனியின் அடக்குமுறை நீங்கியதால் அதற்குப் பின்னால் உள்ள பகுதியிலிருந்து கிளைவேர்கள் பல புறப்படும். செடியின் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் பெருகுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். மண்ணுக்குள்ளும் காற்று அதே வேலையைச் செய்கிறது. அமெரிக்கத் தோட்டக்கலை ஆய்வாளர் கார்ல் விட்கம் அடியில்லாத பால் அட்டைப்பெட்டிகளைக் கம்பி வலையின் மேல் வைத்து நாற்று வளர்த்துப் பார்த்தது இதற்காகத்தான். ஒரு பால் பெட்டியின் அடியை அறுத்துவிட்டு வலைத்தட்டின் மேல் வைத்தால், எவரும் வீட்டிலேயே அதைத் திரும்பச் செய்து பார்க்கலாம். நாற்று நடும் பருவத்தில் மண்கட்டியைச் சுற்றிலும் மெல்லிய வெள்ளை வேர்கள் முகம் காட்டுவதைக் காண்பது மனத்துக்கு நிறைவாக இருக்கும்.

சுவர் முழுவதுமே காற்றுக்குத் திறந்திருந்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணத்தில் செய்ததுதான் கம்பி வலைத் தொட்டி. இதுவரை செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய பற்றுவைத்த கம்பி வலையில் ஒரு மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட துண்டை வெட்டிக்கொள்ள வேண்டும். 30 சென்டிமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு 94 சென்டிமீட்டர். மீதி ஆறு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கு. உருளையாகச் சுருட்டி, படிந்த இடத்தை ஐந்தாறு இடங்களில் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டால், ஏறத்தாழ 21 லிட்டர் கொள்ளும் கூடு கிடைக்கும். அடிக்கு அதே வலையில் 34 சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டி, விளிம்பை மேல்நோக்கி மடித்து உருளையோடு கட்ட வேண்டும். வெட்டிய வலை முனைகள் கையைக் கிழிக்கும். கனமான கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். முனைகளையெல்லாம் இடுக்கியால் உள்நோக்கி மடிக்கவும் வேண்டும்.

கூட்டுக்குள் விரிக்கும் துணி நெய்யப்படாத பாலிபுரொப்பிலீன் துணியாக இருந்தால் நல்லது. பருத்தித் துணியிலும் சணல் சாக்கிலும் செய்து பார்த்தேன். செடிக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை, ஆனால் ஈர மண்ணில் சில மாதங்களிலேயே மக்கி, தூக்கும்போது கிழிந்துபோயின. நெய்யப்படாத துணி நீரையும் காற்றையும் விடுகிறது, மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. வேர்நுனி அதன் இழைகளுக்குள் சிக்கி, மேற்கொண்டு போக முடியாமல் கிளைக்கிறது. தையல் தெரிந்தவர்கள் கம்பிக் கூடே இல்லாமல் தடித்த துணியில் பை தைத்தும் பயன்படுத்தலாம். அப்போது பாலியெஸ்டர் நூலால் இரட்டைத் தையல் போட வேண்டும், ஏனெனில் பருத்தி நூல் துணிக்கு முன்பாகவே மக்கிவிடும். துணிப் பையை இடம் மாற்றும்போது மண் அசைந்து நுண்வேர்கள் அறுபடும். அதனால்தான் நான் கூட்டோடு கூடியதை விரும்புகிறேன்.

மரச்சட்டங்களைக் கொண்டு பெட்டி செய்வோர் சட்டங்களுக்கிடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, உட்புறம் வலை அடித்தால் இதே பயன் கிடைக்கும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

சிமெண்ட் தொட்டியைப் பற்றி நிறையச் சொல்லலாம். வழக்கமான சிமெண்டும் மணலும் கலந்த தொட்டியின் சுவர் காற்றை ஏறக்குறைய விடுவதே இல்லை, கனமும் அதிகம். மணலுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவையும், சூட்டில் பொரித்த எரிமலைக் கண்ணாடித் துகளான பெர்லைட்டையும் சேர்த்தால் நுண்துளை நிறைந்த, கனம் குறைந்த சுவர் கிடைக்கிறது. இந்தக் கலவைக்கு ஹைப்பர்டூஃபா என்று பெயர். ஒரு பங்கு போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு நார்க்கழிவும் ஒன்றரைப் பங்கு பெர்லைட்டும் நான் எடுத்துக்கொள்ளும் அளவு. நார்க்கழிவை முன்னதாகவே ஈரப்படுத்தி, சல்லடையில் தேய்த்துக் கட்டிகளை உடைத்துவிட வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாக நின்று இரண்டொரு சொட்டு மட்டும் கசியும் பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு வாளிகளில் பெரியதன் உட்புறத்திலும் சிறியதன் வெளிப்புறத்திலும் பிளாஸ்டிக் தாள் சுற்றி, இடையில் 4 சென்டிமீட்டர் தடிமனுக்குக் கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். வடிதுளைகளுக்கு அடியில் பெருவிரல் பருமனுள்ள குச்சிகளை எண்ணெய் தடவி நிறுத்திவிட்டு, கலவை இறுகத் தொடங்கியதும் திருகி எடுத்துவிடலாம். சிமெண்ட் தூசி நுரையீரலுக்கும், ஈரச் சிமெண்ட் தோலுக்கும் கெடுதல்; முகக்கவசமும் ரப்பர் கையுறையும் கட்டாயம்.

இதில் பொறுமைதான் கடினமான பகுதி. இரண்டு நாளில் அச்சைக் கழற்றினாலும், நான்கு வாரங்கள் பிளாஸ்டிக் தாளில் மூடி ஈரமாகவே வைத்திருந்தால்தான் சிமெண்ட் முழு வலுப்பெறும். அதன் பின்னும் செடி வைக்க அவசரப்படக் கூடாது. புதிய சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை பிஹெச் 12 வரை போகும். அந்த நிலையில் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் இளந்தளிர்கள் வெளிறிவிடும். தொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே பயன்படுத்துகிறேன். அமில மண்ணை விரும்பும் செடிகளுக்கு இந்தத் தொட்டியைத் தருவதே இல்லை.

எந்தத் தொட்டியானாலும் உள்ளே போடும் கலவை அடைத்துக்கொண்டால் சுவரின் துளைகளால் பயனில்லை. பொடி மணலைச் சேர்த்தால் மண் இளகும் என்று எண்ணுவது தவறு. பொடித் துகள்கள் பெரிய இடைவெளிகளில் புகுந்து அடைத்துவிடும். 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையான செங்கல் சில்லு, கரித்துண்டு, பெர்லைட் ஆகியவற்றைச் சல்லடையில் சலித்து, தூளை நீக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். கலவை போதுமான காற்றைப் பிடிக்கிறதா என்பதை அளந்தே பார்த்துவிடலாம். 5 லிட்டர் கொள்ளும் தொட்டியின் துளைகளை ஒட்டுநாடாவால் மூடி, கலவையை நிரப்பி, மேற்பரப்பு வரை தண்ணீர் ததும்பும்படி மெதுவாக ஊற்றி, சில மணி நேரம் ஊறவிட வேண்டும். இறங்கினால் மீண்டும் நிரப்ப வேண்டும். பிறகு தொட்டியை ஒரு தொட்டியகலப் பாத்திரத்தின் மேல் தூக்கி நிறுத்தி நாடாவை நீக்கி, சொட்டுவது நிற்கும் வரை வடியவிட்டு, வடிந்த நீரை அளக்க வேண்டும். 750 மில்லிலிட்டர் வடிந்திருந்தால், அந்த இடம் முழுவதையும் இப்போது காற்று நிரப்பியிருக்கிறது. அதாவது 15 சதவீதம். 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கலவையைத் திருத்துகிறேன்; ஈரம் பொறுக்காத செடிகளுக்கு 20 சதவீதத்தைத் தாண்டும்படி பார்த்துக்கொள்கிறேன். எலுமிச்சை இருந்த பழைய மண்ணை இப்படி அளந்தபோது கிடைத்த நீர் 5 லிட்டருக்கு ஒரு சிறு குவளைகூட நிறையவில்லை.

இந்தத் தொட்டிகளுக்கு ஒரு விலை உண்டு, அது தண்ணீர். எல்லாப் பக்கமும் காற்றுப் படுவதால் மண் விரைவாகக் காய்கிறது. வெயில் நாட்களில் என் வலைத் தொட்டிகளுக்குக் காலையும் மாலையும் ஊற்ற வேண்டியிருக்கிறது. வாளியில் சுவர்த் துளைகளைப் போடும்போது மேல்விளிம்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் விட்டுத் தொடங்கினால், ஊற்றிய நீர் பக்கவாட்டில் ஓடிவிடாமல் மண்ணுக்குள் இறங்கும். மண் ஒருமுறை மிகவும் காய்ந்துவிட்டால் சுருங்கிச் சுவரைவிட்டு விலகி, அந்த இடுக்கு வழியாகவே தண்ணீர் ஓடிவிடும். அப்போது கொஞ்சம் ஊற்றி, கால்மணி நேரம் கழித்து மறுபடியும் ஊற்றுவதே முறை. கருநிறச் சுவர் வெயிலை வாங்கிக்கொள்ளும், 40 டிகிரிக்கு மேல் சூடேறிய மண்ணில் வேர்கள் கருகத் தொடங்கும் என்பதால், கருப்பு வாளிகளுக்கு வெளிர்நிற வண்ணம் பூசுகிறேன் அல்லது வேறொரு தொட்டியின் நிழலில் வைக்கிறேன்.

ஊற்றலாமா வேண்டாமா என்று மேல்மண்ணைத் தொட்டு முடிவெடுப்பதை எலுமிச்சைக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். நன்றாக நனைத்து வடியவிட்ட தொட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தைக் கையில் பதியவைத்துக்கொள்வேன். பின்னர் ஒவ்வொரு காலையும் விளிம்பைப் பிடித்துச் சற்றே சாய்த்துப் பார்த்தாலே அடியில் ஈரம் எவ்வளவு மீதியிருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. பெரிய தொட்டிகளுக்கு வடிதுளை வழியாக ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, இழுத்து, அதன் நுனியை முகர்ந்து பார்க்கிறேன். மழைக்குப் பின் எழும் மண்வாசம் வந்தால் அந்தத் தொட்டியை அப்படியே விட்டுவிடுவேன். புளித்த நாற்றம் வந்தால் அன்றைக்கே திரி போட்டுவிடுவேன்.